நாற்பத்தோராவது மூச்சு

தூக்கப் பிரிவு காலை எட்டு மணிக்குத் திறந்து பகல் ஒரு மணிக்கு மூடும். அதற்குள் எல்லோரும் தூங்கி முடித்துவிட வேண்டும். வருகிறவர்கள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்குவார்கள். தூக்கம் வரவில்லை என்கிறவர்களைப் பல் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே என்ன நடந்தது என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

முப்புடாதிக்கு அங்கே மூன்று மாதப் பயிற்சி. காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் மேல்படிப்புப் படிக்கிறவள் அவள், இரண்டாம் வருடம். தொண்டையில் கத்தி வைக்கப் போகிறவர்கள் முதலில் தூக்கத்தைப் படித்துவிட வேண்டும் என்பது விதி. துறைத் தலைவர் ஞானதிரவியம் சார்தான் பாடம் எடுப்பார். தூங்கிக்கொண்டே எடுப்பார். தூக்கத்தில் தொண்டை நாலே இடத்தில்தான் மூடும், அந்த நாலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். அவருக்கு அது சுலபம். கையெழுத்தையும் தூக்கத்தில்தான் போடுவார். விழித்திருக்கும்போது போட்ட கையெழுத்து அந்தப் பிரிவில் செல்லாது.

படிக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு லாக் புக் உண்டு. அதில் மூன்று கட்டம். பார்த்தது, கூட நின்றது, தானே செய்தது. மூன்றாவது கட்டத்தில் பத்து சேர வேண்டும். முப்புடாதிக்கு ஒன்பது சேர்ந்துவிட்டது. பத்து சேராதவர்களைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள். பீர் முகமதுவுக்குப் பத்தாவது சேரவில்லை. பதினோரு வருடமாகப் பதிவேட்டு அறையில் இருக்கிறார். ஆறாவது வருடம் சாமான் சரிபார்க்க வந்தவர்கள் அவர் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். பதிமூன்று, மர அலமாரி. பதினான்கு, பீர் முகமது. பதினைந்து, ஸ்டூல்.

வேலை என்னவோ எளிதுதான். நோயாளி தூங்குவார், குறட்டை விடுவார். குறட்டை நடுவில் அறுந்து மூச்சு நின்றுபோகும். பத்து வினாடிக்கு மேல் நின்றால் தாளில் ஒரு கோடு. மூச்சு திரும்பி வந்ததும் கோட்டின் மேல் ஒரு டிக். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த கடிகாரத்துக்கு வினாடி முள் கிடையாது. ஆகையால் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் காலங்காலமாக ஒரே வழியைத்தான் கடைப்பிடித்து வந்தார்கள். நோயாளியின் மூச்சு நின்றதும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். மனதுக்குள் எண்ணுவார்கள். அவர் விட்டதும் இவர்களும் விடுவார்கள்.

அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. நோயாளிக்கு முன்னால் மாணவர் மூச்சு விட்டுவிடக் கூடாது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு மூச்சுதான் அனுமதி. மாணவர் முந்திக்கொண்டால் அந்த நிறுத்தத்தின் மூச்சு அவரோடு போய்விடும். கட்டிலில் கிடப்பவருக்கு மிச்சம் இருக்காது.

அன்றைக்குப் பதினேழாம் டோக்கன் லிங்கதுரை. ரயில்வே கேட்டில் கேட் கீப்பர், இருபத்தேழு வருட சர்வீஸ். கழுத்து தலையைவிட அகலமாக இருந்தது. வேலையில் இருக்கும்போது கண் அசர மாட்டாராம். வேலை முடிந்து வந்துவிட்டால் சாப்பிடும்போது தூங்குவார், சட்டை மாட்டும்போது தூங்குவார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். இதையெல்லாம் சொன்னது அவர் மனைவி கனியம்மாள். கட்டிலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் தூக்குச்சட்டியையும் பட்டன் போனையும் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினதில்லை என்றாள். பக்கத்தில் படுத்து எண்ணிக்கொண்டே கிடப்பாளாம்.

"முப்பத்தேழு வரைக்கும் பொறுப்பேன் டாக்டரம்மா. அதுக்கு மேல மனசு கேக்காது. முழங்கையால விலாவுல ஒரு இடி. உடனே விட்டுருவாவ."

இங்கே நோயாளியைத் தொடக் கூடாது என்று முப்புடாதி அவளுக்கு எடுத்துச் சொன்னாள். தொட்டால் தூக்கம் செல்லாமல் போய்விடும். கனியம்மாள் தலையாட்டிவிட்டு இரண்டு கைகளையும் மடிக்குள் செருகிக்கொண்டாள்.

லிங்கதுரை தூங்கினார். நல்ல தூக்கம். நாற்பது முறை மூச்சு நின்றது, நாற்பது முறை வந்தது. நாற்பது கோடு, நாற்பது டிக். முப்புடாதியும் நாற்பது முறை பிடித்து நாற்பது முறை விட்டாள்.

இப்போது அவள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அது பெரிய தவறு என்று அன்று காலைவரை அங்கே யாரும் நினைக்கவில்லை. மூச்சு திரும்பி வருவதற்கு முன்னால் தொண்டைக்குழி ஒரு தடவை துடிக்கும். துடித்தால் அடுத்த நொடி மூச்சு வந்துவிடும். கொஞ்சம் பழகினவர்கள் துடிப்பைப் பார்த்ததுமே டிக் போட்டுவிடுவார்கள். வெளியே இன்னும் பதினொரு பேர் தலையணையோடு நிற்கிறார்கள், ஒரு மணிக்குள் எல்லாரையும் தூங்கவைத்தாக வேண்டும், என்ன செய்ய.

நாற்பத்தோராவது நிறுத்தத்தில் தொண்டைக்குழி துடித்தது. முப்புடாதி டிக் போட்டாள்.

மூச்சு வரவில்லை.

அவள் பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். முப்பத்தேழில் கனியம்மாளின் முழங்கை தானாக ஒரு தடவை துள்ளியது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். நூறு ஆயிற்று. லிங்கதுரையின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உதடுகள் மட்டும் நாவல்பழம் தின்றவர் உதடுகள் மாதிரி மாறிக்கொண்டிருந்தன. மணி பதினொன்று இருபது.

"டாக்டரம்மா, இன்னும் வரலியே."

"வந்துரும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பேசினாள் என்று உங்களுக்குத் தோன்றும். பேச்சுக்கென்று எல்லோரிடமும் கொஞ்சம் பழைய மூச்சு இருக்கும். கன்னத்தில், பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அவளிடம் இருபது சொல்லுக்குத்தான் இருந்தது. ஒன்று போய்விட்டது. கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் தாராளமாக மூச்சு விடலாம். தடை அவளுக்குத்தான்.

அவள் குனிந்து அவர் காதுக்குள் "அண்ணாச்சி" என்றாள். இரண்டாவது சொல்லும் போயிற்று.

மூச்சுக்கு உதவுகிற மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அதற்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனை வெட்டித் திறந்து வைக்காமல் அதை உபயோகிக்க முடியாது. கத்தரிக்கோல், திறந்து வைக்க வரப்போகிறவர் வீட்டில் இருந்தது.

முப்புடாதி தாளை எடுத்துக்கொண்டு பதிவேட்டு அறைக்கு ஓடினாள். பீர் முகமது அலமாரிக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கேதான் நிற்க வேண்டும்.

"பீரண்ணே, ஒரு டிக்கை அழிக்கணும்."

"எத்தனாவது?"

"நாப்பத்தொண்ணு."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டிக்கின் வாலைத் தடவிப் பார்த்தார். நல்ல டிக் என்றார்.

"வந்தாச்சுன்னு இருக்கே முப்பி."

"வரலைண்ணே."

"வந்த மூச்சு எப்படிம்மா ரெண்டாந்தடவை வரும்?"

அவர் அதட்டிச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் தானும் ஒரு டிக்கை முந்திப் போட்டவர்தான் என்றார். அந்த நோயாளி என்ன ஆனார் என்று அவர் சொல்லவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி அலமாரியில் எதையோ தேடினார். பதினான்கு என்ற எண்ணின் மேல் புதிதாகப் பெயிண்ட் பூசியிருந்தது தெரிந்தது. கீழே பெயிண்ட் டப்பாவும் பிரஷும் தயாராக இருந்தன. ஸ்டூலுக்கு அடுத்த எண் பதினாறு, அது இன்னும் யாருக்கும் போகவில்லை என்று சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல் சொன்னார். போட்ட டிக்கை அழிப்பதற்கு சீஃப் கையெழுத்து வேண்டும், தூக்கத்தில் போட்டதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பன்னிரண்டு சொல் மிச்சம் இருந்தது.

சீஃப் அறையில் ஞானதிரவியம் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் விழித்துக்கொண்டிருந்தார்.

முப்புடாதி அவர் கண்ணை அதுவரை பார்த்ததில்லை. அது பழுப்பாக, சின்னதாக இருந்தது. பயந்துபோன கண்ணாகவும் இருந்தது.

"சார், தூங்குங்க."

"முடியலம்மா. பதினொன்னு இருபதுலேர்ந்து பொட்டுத் தூக்கம் இல்ல."

"கண்ணையாவது மூடுங்க சார்."

அவர் மூடினார். பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகி, தாளை அதன் கீழ் வைத்தாள். முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பாடலாம் என்று நினைத்தாள், பாட மூச்சு வேண்டும். மேசையைக் கையால் லேசாகத் தட்டி ரயில் போகிற மாதிரி ஒரு தாளம் போட்டாள். பேனா ஒரு புள்ளி வைத்தது. அதோடு அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"யாரோ மூச்சு விடாம இருக்காங்க. இந்தக் கட்டடத்துலதான். அது கேட்டுக்கிட்டே இருக்கு. எப்படித் தூங்க?"

முப்புடாதிக்கு விஷயம் விளங்கியது. அவர் தூங்காமல் மூச்சு வராது. மூச்சு வராமல் அவர் தூங்க மாட்டார். அவள் தாளை மடித்தாள்.

சார் தலையைப் பிடித்துக்கொண்டார். நாலு இடம் சொல்லிக் கொடுத்தேனே, போய் நேரில் பார்க்கிறதுதானே என்றார். விழித்துக்கொண்டு சொன்னது, ஆகையால் அது உத்தரவு ஆகாது. வேறு வழியும் இல்லை.

சீஃப் அறையிலிருந்து கூடத்துக்கு நாற்பது காலடி. முன்பே ஒரு தடவை எண்ணி வைத்திருந்தாள். திரும்பிப் போகும்போது நாற்பதில் தண்ணீர்க் குழாய்தான் வந்தது. அறுபதில் இன்னொரு தண்ணீர்க் குழாய். இரண்டிலும் ஒரே டம்ளர் சங்கிலியில் தொங்கியது. இருநூறாவது காலடியில் தலையணைக்காரர்களின் வரிசை தொடங்கியது. பதினொரு பேர் இருந்த வரிசை இப்போது கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை இருந்தது. எல்லோரும் அவளிடம் ஏதாவது கேட்டார்கள். டாக்டர் இன்னைக்கு உண்டுமா, மதியம் தூங்கவிடுவார்களா, கழிப்பறை எந்தப் பக்கம். அவள் கையால் காட்டினாள், தலையை ஆட்டினாள், எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்காமலே பதில் சொன்னாள். நெஞ்சுக்குள் யாரோ பாயைச் சுருட்டிக் கட்டுவது போல இருந்தது.

ஒரு பெரியவரின் காலை மிதித்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கிடுங்க."

வாய்ப்பழக்கம். வந்துவிட்டது. பெரியவர் பரவாயில்லை தாயி என்றார். அவருக்கு என்ன தெரியும், ஒரு சொல்லின் அருமை. ஆறுதான் மிச்சம்.

கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. லிங்கதுரை அதேபடி கிடந்தார். கால் விரல்களும் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டிருந்தன. கனியம்மாள் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள், அவை எதையும் செய்துவிடாமல் இருப்பதற்காக.

"என்னம்மா சொல்லுதாவ?"

"உள்ள போறேன்."

எங்கே என்று கனியம்மாள் கேட்கவில்லை. முப்புடாதி அவளிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்தாள்.

"எண்ணுங்க."

"எண்ணுததா? அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை."

மூக்கு வழியாகத் தொண்டைக்குள் விட்டுப் பார்க்கிற ஸ்கோப் மெல்லிய கறுப்புக் குழாய், நுனியில் ஒரு விளக்கு. முப்புடாதி அதை லிங்கதுரையின் வலது மூக்கில் விட்டு, இந்த முனையில் கண்ணை வைத்தாள். கண் போகிற இடத்துக்கு மற்றதும் போக வேண்டும் என்பது இந்தப் பயிற்சியின் முதல் பாடம். தலை போயிற்று, தோள் போயிற்று. கோட்டின் பித்தான் மூக்கு வாசலில் மாட்டிக்கொண்டது, கழற்றிவிட்டாள். விலா மட்டும் வரவில்லை. அது வெளியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கால்கள் எப்படியோ வந்துவிட்டன.

உள்ளே ஆஸ்பத்திரி நடைபாதை மாதிரியே ஒரு பாதை. இடுப்பளவுக்குப் பச்சைப் பெயிண்ட், அதற்கு மேல் ரோஸ். தரை ஈரமாக இருந்தது.

முதல் இடம், அண்ணத்துத் திரை. பழைய தியேட்டர் வாசலில் தொங்குகிற கனமான திரை மாதிரி நனைந்து தொங்கியது. நடுவில் உள்நாக்கு மணிபோல ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை அடித்துவிடாமல் விலக்கிக்கொண்டு போனாள். இரண்டாவது இடம், பக்கச் சுவர்கள். அவை மெதுவாக நெருங்கி வந்துகொண்டிருந்தன. ஒருக்களித்து நடந்தாள். விலா இல்லாதது அங்கே வசதியாக இருந்தது. மூன்றாவது, நாக்கின் அடிவாரம். பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு சரிந்து கிடந்தது. நாலு கால்களிலும் தவழ்ந்து ஏறி இறங்கினாள். கண்ணுக்குள் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் பறந்தன. நீங்கள் விட்டுக்கொள்ளுங்கள், அவளுக்காக இரண்டு மூச்சு சேர்த்தே விட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் மூன்று சொல் இருந்தது.

நாலாவது இடம் குரல்வளை மூடி. பாடப் புத்தகத்தில் அது இலை மாதிரி இருக்கும். இங்கே அது ரயில்வே கேட்டாக இருந்தது.

வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்த கேட். சாத்தியிருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன அறை. அறை வாசலில் லிங்கதுரை நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இங்கயும் வந்துட்டியளா."

கேட்டுக்கு அந்தப் பக்கம் மூச்சுகள் வரிசையாகக் காத்திருந்தன. முன்னால் நின்றது நாற்பத்தோராவது மூச்சு. வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி நின்றது. அதற்குப் பின்னால் மொபெட்டில் சிலிண்டர் கட்டின மூச்சு, குடை பிடித்த மூச்சு, ஒரு ஷேர் ஆட்டோ நிறைய நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்ன மூச்சுகள். எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு, பழகின பொறுமையோடு நின்றார்கள். வரிசையின் கடைசியில் ஸ்கூட்டியில் ஒரு பெண். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. முப்புடாதி உற்றுப் பார்த்தாள். அது அவளுடைய மூச்சு. அவர் மூச்சோடு சேர்த்துப் பிடித்தது, அதனால் அவர் வரிசையிலேயே வந்து நின்றுவிட்டது.

"திறங்க."

லிங்கதுரை எழுந்து நின்றார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். திறக்கிறதுக்கு என்ன, அதுதானே என் வேலை என்றார். ஆனால் ஒரு முறை இருக்கிறது. கேட்டைச் சாத்தினால் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். திறப்பதற்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார்கள். அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கேட்டைத் தூக்க வேண்டும். இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூட நம்பர் இல்லாமல் தூக்கினதில்லை. இன்றைக்கு நம்பர் வரவில்லை. ரயிலும் வரவில்லை. அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொன்று என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு டிக் இருந்தது. முப்புடாதி போட்ட டிக்.

"மேல இருந்து திறந்தாச்சுன்னு வந்திருக்கு. நான் திறக்கலியே. யார் போட்டதுன்னு தெரியல. ஒரே குழப்பமா இருக்கு, அதான் தொடாம வச்சிருக்கேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒப்புக்கொள்வதற்கு இரண்டு சொல் போதாது.

அறைச் சுவரில் ஒரு கறுப்பு போன் இருந்தது, கைப்பிடியைச் சுற்றிக் கூப்பிடுகிற போன். அவள் அதைக் காட்டினாள். காலையிலிருந்து சுற்றுகிறேன், யாரும் எடுக்கவில்லை என்றார் லிங்கதுரை. சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றி ரிசீவரை அவளிடம் கொடுத்தார். மணி அடித்தது. எங்கோ ரொம்ப உயரத்தில் அடித்தது. ஒரு தூக்குச்சட்டி நகர்கிற சத்தம் கேட்டது.

"அலோ." கனியம்மாளின் குரல்.

"யக்கா, நம்பர்."

அவ்வளவுதான். பல்லுக்குப் பின்னால் இருந்ததும் தீர்ந்தது. இனி அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

கனியம்மாள் என்ன நம்பர் என்று கேட்டால் தொலைந்தது. என்ன டாக்டரம்மா, யாரு பேசுதது என்று கேட்டாலும் தொலைந்தது. முப்புடாதி ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தேழு," என்றாள் கனியம்மாள்.

ரிசீவரிலிருந்து அது லிங்கதுரைக்கும் கேட்டது. அவர் பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்தினார்.

"ஸ்டேஷன் மாஸ்டர் குரல் மாதிரி இல்லியே."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே தன்னையறியாமல் இடது விலாவைத் தடவிக்கொண்டார்.

"ஆனா நம்பர் சரிதான். எனக்குத் தெரிஞ்ச நம்பர்தான்."

எழுதினார். கீழே கோடு போட்டார். வெளியே வந்து கேட்டின் சக்கரத்தைச் சுற்றினார். வெள்ளையும் சிவப்புமான கட்டை மேலே எழுந்தது.

நாற்பத்தோராவது மூச்சு சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. போகும்போது முப்புடாதியைப் பார்த்துத் தலையை அசைத்தது. பின்னாலேயே மொபெட், குடை, ஷேர் ஆட்டோ எல்லாம் முண்டியடித்துக்கொண்டு கிளம்பின. பாதை முழுவதும் புகையும் காற்றுமாக ஆயிற்று. ரிசீவரில் தூரத்தில் ஒரு குறட்டை கேட்டது, நல்ல பெரிய குறட்டை. கனியம்மாள் "ஏ அம்மா" என்று சொன்னதும் கேட்டது. அதற்கு அடுத்து இன்னொரு குறட்டை, வேறொரு அறையிலிருந்து. அது சீஃபின் குறட்டை. லாக் புக் தாளின் மேல் பேனா ஓடுகிற சத்தமும் கேட்டது. தானே செய்தது, பத்து.

ஸ்கூட்டி கடைசியில் நின்றது. அது கிளம்ப மறுத்தது. அந்தப் பெண் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இறங்கி உதைத்துப் பார்த்தாள்.

மணி அடித்தது. லிங்கதுரை கேட்டை இறக்கத் தொடங்கினார்.

முப்புடாதி கையை ஆட்டினாள். கேட்டைப் பிடித்துத் தொங்கினாள். அது அவளையும் சேர்த்து இறக்கிக்கொண்டு வந்து சாத்தியது. மணி அடித்துவிட்டால் சாத்தியாக வேண்டும் டாக்டரம்மா, என் கையில் என்ன இருக்கிறது என்றார் அவர். பிறகுதான் ஸ்கூட்டியைப் பார்த்தார்.

"ஒண்ணு நிக்குதே. அது யாரு மூச்சு?"

அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

லிங்கதுரையின் முகம் வாடிவிட்டது. அவர் நல்ல மனிதர். நோட்டைப் புரட்டினார், முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். முப்பத்தேழு தன் பேரில் வந்த நம்பர், அந்த நம்பரில் இந்த மூச்சு போக முடியாது என்றார். இதற்குத் தனியாக ஒரு நம்பர் வர வேண்டும். ஒரு மணிக்கு ஸ்டேஷனை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் நாளைக் காலை எட்டு மணிதான். கூடத்துக் கடிகாரம் அங்கேயும் தெரிந்தது. ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு யாராவது எண்ணுதாவளா?"

முப்புடாதி யோசித்துப் பார்த்தாள். அம்மா ஊரில் இருக்கிறாள், அம்மாவுக்குத் தூக்கம் கெட்டி. ஹாஸ்டலில் அறைத்தோழி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறவள். வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. பீர் முகமது பெயிண்ட் டப்பாவை மூடினாரா, மூடவில்லையா என்று தெரியவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டிப் பெண் வண்டியை நிறுத்திவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிசீவர் இன்னும் கையில்தான் இருந்தது. அதில் ஏதோ கேட்டது. முப்புடாதி காதில் வைத்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம். பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு கனியம்மாள் யாரிடமோ சொன்னாள், இந்தப் பிள்ளை எம்புட்டு நேரமா மூச்சு விடாமக் கிடக்கு, யாரும் பாக்கலியா என்று.

பிறகு அவள் எண்ண ஆரம்பித்தாள். வாய்க்குள், முணுமுணுப்பாக, பத்தொன்பது வருடம் எண்ணின குரலில். ஒன்று, இரண்டு, மூன்று. இடையில் நிறுத்தவில்லை, முந்தவும் இல்லை. லிங்கதுரை ஓசைப்படாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஸ்கூட்டிப் பெண் தலையை நிமிர்த்தினாள். கூடத்தில் யாரோ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்கள், ஒவ்வொன்றாக.

நோயாளியைத் தொடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். டாக்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விலாவும் வெளியேதான் இருந்தது.

இவ்வளவு நேரம் விட்டுக்கொள்ளச் சொன்னேன். இப்போது மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அவளோடு.

முப்பத்து நான்கு. முப்பத்தைந்து.

முப்பத்தாறு என்று சொல்லும்போது கனியம்மாளின் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாகச் சரிந்து இறங்குகிற சத்தம் கேட்டது.